தண்ணீர் போகும் மூலை

உங்களில் பாதிப்பேருக்கு மூட்டுவலி, மீதிப்பேருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். எனக்கு இரண்டும் உண்டு. ஆகவே நான் சொல்லப்போவதைப் பொறுமையாகக் கேட்பீர்கள் என்று நம்புகிறேன். வேறு போக்கிடமும் உங்களுக்கு இல்லை. வெள்ளைக்காரன் காலத்து வெள்ளவத்தையில் வளர்ந்த நாங்கள் ஒன்றுகூடினால் கடலையும் ரயிலையும் பற்றித்தான் கதைப்போம். நான் இன்றைக்குக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மறுபக்கம் போகிறேன். கால்வாயைத் தாண்டி, கிருலப்பனைப் பக்கம், சதுப்பு தொடங்குகிற இடத்துக்கு. அங்கே எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் அம்மா இருந்தது ஒரு மாதமும் சில நாட்களும்.

அதற்கு முன் ரயில் பாதைக்குப் பக்கத்து ஒழுங்கையில் பாதி வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். மற்றப் பாதியில் வீட்டுக்காரர். ரயில் போனால் கொடியில் காயும் துணியில் கரித்தூள் விழும். துணியில் விழுந்தால் உதறலாம். அம்மாவின் நெஞ்சில் விழுந்ததை என்ன செய்வது? அவளுக்குத் தொய்வு. மூச்சு இழுக்கத் தொடங்கினால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து இருப்பாள். நான் ஓடிப்போய் ஊமத்தை இலைப் பொடியைச் சிரட்டையில் போட்டுக் கொளுத்திக் கொண்டுவருவேன். அந்தப் புகையை இழுத்தால் கொஞ்சம் ஆறும். எந்த நெருப்பிலிருந்து எந்தப் புகை வந்தாலும் அந்த மணம் இன்னும் எனக்குத் தனியாகத் தெரியும்.

சந்தியில் மருந்து கொடுத்த அப்போதிக்கரி ஒருநாள் அப்பாவிடம் சொன்னார்: "உந்தப் புகைக்குள்ளை வைச்சுக்கொண்டு என்னட்டை மருந்து கேக்கிறீர். காத்தோட்டமான இடமாப் பாத்து ஆளைக் கொண்டுபோம்."

அப்பா அன்றைக்கே வீடு கட்டத் தீர்மானித்தார். அவருக்கு ஒரு கந்தோரில் காணிப்படம் வரைகிற உத்தியோகம். யாழ்ப்பாணத்திலிருந்து பதினெட்டு வயதில் வந்தவர். கறுப்பு மையைத் தொட்டு மயிரிழை போலக் கோடு இழுப்பார். ஊரில் ஒருவருடைய காணி எங்கே முடிந்து மற்றவருடையது எங்கே தொடங்குகிறது என்பதில் எங்கள் ஆட்களுக்கு உள்ள அக்கறை உங்களுக்குத் தெரியும். வேலியை ஒரு சாண் தள்ளிப் போட்டதற்காக மூன்று தலைமுறை வழக்கென்று கோட்டுக்குப் போன குடும்பங்கள் இருக்கின்றன. எங்களுடையது அதில் ஒன்று.

தை மாதம் காணி எழுதி முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு போய்க் காட்டினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. வெயில் நன்றாக எறித்தது. காலுக்கடியில் மண் வெடித்துக் கிடந்தது. அப்பா கையை நீட்டிக் காற்றைப் பிடித்துக் காட்டுவதுபோல் நின்றார். "பாத்தியோ பிள்ளை, புகை இல்லை, தூசி இல்லை. கிணத்துக்கு ஆறடி கிண்டினால் தண்ணி வரும். எங்கடை ஊரிலை இப்பிடி ஒரு காணி கிடைக்குமோ?"

கிடைக்காதுதான். எங்கள் ஊரில் தண்ணீருக்காகச் சுண்ணாம்புக் கல்லைப் பாளம் பாளமாக உடைத்து இறங்க வேண்டும். அந்த ஊர்க் கண்ணோடுதான் அவர் அந்தச் சதுப்பைப் பார்த்தார். எத்தனை வருடம் கொழும்பில் இருந்தாலும் அந்தக் கண் மாறவில்லை.

அங்கே ஏற்கனவே இருந்தவர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். படம் வரைகிறவருக்கு அது வெறுங்காணி. ஆனால் அங்கே ஒரு முழம் நிலம் கூடச் சும்மா கிடக்கவில்லை. கால்வாய் ஓரத்து ஆழமான சேற்றில் கோரை வளரும். அதை அறுத்துப் பாய் பின்னுகிற குடும்பங்கள் இரண்டு. அதற்கு மேலே, முழங்கால் தண்ணீர் நிற்கும் இடத்தில் கங்குன் கீரைப் பாத்திகள். காலையில் பெண்கள் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, வெயில் ஏறுமுன் கட்டுகளோடு நுகேகொடைச் சந்தைக்குப் போய்விடுவார்கள். இன்னும் மேலே ஒரு போக நெல். நெல் அறுத்தபின் எருமைகள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மேட்டுத் துண்டு. அதை அந்தச் சிங்களச் சனங்கள் ஓவிட்ட என்பார்கள். வயலும் இல்லை, முழு மேடும் இல்லை. எட்டு மாதம் காய்ந்து கிடக்கும், நாலு மாதம் தண்ணீருக்கு வழி விடும். காய்ந்திருக்கும் காலத்தில் அங்கே புல்லில் துணி காயப்போடுவார்கள். மழைக்காலம் வந்தால் அவர்களே துணியைச் சுருட்டிக்கொண்டு தெருவோரத்துக்கு ஏறிவிடுவார்கள். யாரும் யாரையும் எழும்பு என்று சொல்லத் தேவையில்லை. நிலம் நனைந்தால் எழும்புவார்கள், காய்ந்தால் வருவார்கள்.

அப்பா வாங்கியது அந்த மேட்டுத் துண்டை.

வெள்ளவத்தைக் கனவான்களின் சேர்ட்டுகள் எல்லாம் அங்கேதான் காய்ந்தன. எங்களுக்கு வழக்கமாகத் துணி வெளுக்கிற சலவைக்காரியும் அங்கேதான் காயப்போடுவாள். நான் புல்லில் நடந்துகொண்டே இது வழக்குப் பேசுகிற புரக்டருடைய கோட்டு, இது பள்ளிக்கூட வாத்தியாருடைய வேட்டி என்று கண்டுபிடித்து விளையாடினேன். நீலம் போட்ட துணியின் வாசம் வெயிலில் ஏறி வரும். அப்பாவின் சேர்ட்டையும் கண்டேன், கொலரில் சிவப்பு நூலால் எங்கள் வீட்டு அடையாளம் தைத்திருந்தது. யோசித்துப் பார்த்தால் அப்பாவுக்கு முன்பே அவருடைய சேர்ட்டுகள் அந்தக் காணியில் குடியிருந்திருக்கின்றன.

காணி வாங்கினால் எங்கள் ஆட்கள் முதலில் செய்வது வீடா? வேலி. அப்பா ஒரு லீவு எடுத்து ஊருக்குப் போய்க் கிளுவங் கதியால்களை ஈரச்சாக்கில் சுற்றி இரவு மெயில் ரயிலில் கொண்டுவந்தார். கொழும்பில் தடிக்கா பஞ்சம்? ஆனால் ஊர்க் கதியால் ஊன்றினால்தான் அவருக்கு அது வேலி. கதியாலில் பின்னிய தென்னோலைக் கிடுகை வரிந்து கட்டினார். கோழிக்குஞ்சு நுழைய இடமில்லை. அதோடு விட்டாரா? வேலியின் அடியில் சுற்றிவர முழங்கால் உயரத்துக்குக் களிமண் வரம்பு கட்டுவித்தார்.

ஏன் என்று கேட்டேன்.

"மழைத்தண்ணியை வெளியிலை ஓடவிட்டால் ஆருக்கு லாபம்? காணிக்குள்ளை தங்கினால்தானே கிணறு ஊறும்."

ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். ஐப்பசி கார்த்திகையில் விழுகிற நாலு துளியையும் வரம்பு கட்டிப் பிடித்தால்தான் பங்குனியில் கிணற்றில் தண்ணீர் இருக்கும். அங்கே மண் அதைக் குடித்துவிடும். இந்த மண் ஏற்கனவே குடித்து வயிறு நிறைந்த மண் என்பது அப்பாவுக்குத் தெரியவில்லை. எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

தெரிந்தவள் சலவைக்காரி. வரம்பு முடியும் நாளன்று வந்தாள். காயப்போடும் இடம் போனதற்குச் சண்டை பிடிக்கத்தான் வந்தாள் என்று நான் நினைத்தேன். அவள் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தெற்கு மூலையில் போய் நின்று காலால் மண்ணைத் தட்டிக் காட்டினாள்.

"மாத்தயா, மேக வதுர யன பார."

தண்ணீர் போகிற பாதை இது, என்றாள். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "இந்த மூலை மட்டும் விடுங்க மாத்தயா. ரெண்டு முழம் போதும். மேல இருந்து வாற தண்ணி இதால தான் போகும்."

அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அவள் போனபின் அம்மாவிடம் சொன்னார்: "கண்டீரே கெட்டித்தனத்தை. ரெண்டு முழம் விட்டால் இண்டைக்குத் தண்ணி போகும், நாளைக்கு மாடு போகும், அதுக்கடுத்த நாள் வழி எண்டு கோட்டிலை நிப்பினம். நான் எத்தினை படம் வரைஞ்சனான்."

"அது பாவம், நல்லதுக்குத்தானே சொல்லுது," என்றாள் அம்மா.

"உமக்கு உதுகள் விளங்காது."

ஒருத்தி தண்ணீரைப் பற்றிச் சொல்ல, அவருக்கு அது உரிமை என்று கேட்டது. அவரைக் குற்றம் சொல்லி என்ன, வேலிச் சண்டை போட்ட மூன்று தலைமுறையும் அவர் காதுக்குள் இருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மத்தியானச் சாப்பாட்டைப் பாணும் வாழைப்பழமுமாகக் குறைத்து, அம்மாவின் மூச்சுக்காகக் கட்டிய வீடு அது. இதையும் நான் சொல்லாமல் விட்டால் பாவம்.

சித்திரை வருடப்பிறப்புக் கழிந்து குடிபோனோம். இரண்டு அறை, ஒரு குசினி, ஓட்டுக் கூரை. சுவரில் சுண்ணாம்பு ஈரம் காயவில்லை. அம்மா முதல் நாள் மாலை முற்றத்தில் நின்று நீளமாக மூச்சை இழுத்து விட்டாள். அப்பா அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளையைப் போல. "நல்லாயிருக்கு," என்றாள் அவள். உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது. மழை பிடிக்கும்வரை அந்த நாலு கிழமையும் சிரட்டையைத் தேடவேண்டி வரவில்லை. கீரைக்காரிகள் வேலிக்கு மேலால் கங்குன் கட்டை எறிவார்கள், அம்மா பதிலுக்குக் கறிவேப்பிலை எறிவாள். என் பிள்ளைப்பருவத்தில் அம்மா வாய்விட்டுச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இருப்பது அந்த நாலு கிழமைதான்.

வைகாசியில் மழை பிடித்தது. வெள்ளவத்தையில் மழையை யார் கணக்கெடுத்தார்கள்? மணலில் விழும், கடலுக்கு ஓடும், பின்னேரம் தெரு காய்ந்துவிடும். இங்கே விழுந்த மழை போகவில்லை. விழாத மழையும் வந்தது. மேட்டுப் பக்கத்து றப்பர் தோட்டங்களிலும் தெருக்களிலும் பெய்ததெல்லாம் எங்கள் வடக்கு வரம்பைத் தாண்டி உள்ளே இறங்கி, தெற்கு மூலைக்கு வந்து, வரம்பில் முட்டி நின்றது. இரண்டாம் நாள் முற்றம் குளம். மூன்றாம் நாள் கிணறும் முற்றமும் ஒரே மட்டம். நாலாம் நாள் தண்ணீர் படியில் ஏறி அறைக்குள் வந்தது. கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்தோம். சுவரில் இடுப்பளவுக்குப் பச்சையாகப் பூசணம் ஏறியது. அந்த வீட்டுக்குள் புகை இல்லை, தூசி இல்லை. ஆனால் அம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது.

வேலிக்கு வெளியே, ஒரு முழம் கீழே, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கிடுகை விலக்கி நான் பார்த்தேன். உள்ளே எங்கள் தண்ணீர் அசையாமல் நின்றது.

"வரம்பை வெட்டிவிட்டால் என்ன?" என்று அம்மா கேட்டாள்.

"மழை இண்டைக்கோ நாளைக்கோ விட்டிடும். கட்டின கையோடை வெட்டினால் ஊர் சிரிக்கும்," என்றார் அப்பா. காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கந்தோருக்குப் போனார்.

ஐந்தாம் நாள் மழை கொஞ்சம் ஓய்ந்தது, என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். மத்தியானம் திரும்பி வந்தபோது வேலிப் படலை திறந்து கிடந்தது. தெற்கு மூலையில் அம்மா தண்ணீருக்குள் நின்றாள். கையில் மண்வெட்டி. பக்கத்தில் சலவைக்காரி, வெட்டிய களிமண்ணைக் கூடையில் அள்ளி அப்பால் கொட்டிக்கொண்டிருந்தாள். வரம்பில் இரண்டு முழ அகலத்துக்கு வாய் திறந்து, எங்கள் முற்றத்துத் தண்ணீர் எல்லாம் அதால் இரைந்துகொண்டு போனது. சருகு, கோழித் தீன், என்னுடைய ஒரு மரச்செருப்பு, அதுவும் போனது. இன்றைக்கும் அதன் சோடி என்னிடம் இருக்கிறது.

அம்மா ஒவ்வொரு வெட்டுக்கும் நின்று மூச்சை இழுத்தாள். சலவைக்காரி மண்வெட்டியைப் பறிக்கப் பார்த்தாள். "எப்பா நோனா, வேணாம், தாங்க, நான் வெட்டுறேன்," என்றாள். அம்மா கொடுக்கவில்லை. சலவைக்காரி வெட்டினாள் என்று தெரிந்தால் அப்பா அவளை என்ன சொல்வார் என்று அம்மாவுக்குத் தெரியும்.

வேலை முடிந்து அம்மா படியில் வந்து இருந்தாள். உதடு நீலமாக இருந்தது. நான் சிரட்டையைக் கொளுத்திக் கொடுத்தேன். கொஞ்சம் பேச்சு வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"பிள்ளை, அப்பாட்டைச் சொல்லாதை."

"ஏனம்மா?"

"ஆசையாக் கட்டினவர், மனம் நோவார். அதோடை அந்த மனிசி வந்து ஏத்திவிட்டு வெட்டுவிச்சது எண்டு நினைப்பார். தண்ணி தானே உடைச்சது எண்டு சொல்லு. என்ரை தலையிலை தொட்டுச் சொல்லு."

தொட்டுச் சொன்னேன். நனைந்த தலை.

மாலையில் அப்பா வந்தார். முற்றம் வடிந்து சேறு தெரிந்தது. மூலைக்குப் போய்ப் பார்த்தார்.

"ஆர் உடைச்சது?"

"தண்ணி தானே உடைச்சுதப்பா," என்றேன். என் குரலே எனக்கு நம்பும்படியாக இருந்தது.

இங்கேதான் நான் இத்தனை வருடமாகத் தடுக்கி விழுகிறேன். அம்மா வெட்டினாள் என்று சொல்லியிருந்தால் அப்பா கத்தியிருப்பார், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பார், ஆனால் அவள் வெட்டியதை மூடியிருக்கமாட்டார். அவ்வளவு தூரம் அவளை அவமதிக்கிற ஆள் இல்லை. தண்ணீர் உடைத்ததென்றால் அது பலவீனமான வரம்பு. பலவீனமான வரம்பைத் திருத்தவேண்டும். அடுத்தநாள் விடிய எழும்பி, கந்தோருக்குப் போகுமுன், கல்லும் களிமண்ணும் போட்டு இறுக்கி அடைத்தார். அடைத்துவிட்டுக் காலால் மிதித்துப் பார்த்தார். அம்மா கட்டிலில் இருந்தபடி யன்னலால் அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் சொல்லுவாள் என்று நானும், சத்தியம் வாங்கிய பிள்ளைக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று அவளும் இருந்தோமோ என்னவோ.

அன்று பத்து மணிக்கு மழை திரும்ப வந்தது. முந்தியதை விடப் பெரிய மழை. மத்தியானத்துக்குள் தண்ணீர் கட்டில் செங்கல்லுக்கு ஏறிவிட்டது. ஊமத்தைப் பொடி நனைந்து பற்றவில்லை. தீக்குச்சியைக் கிழித்துக் கிழித்துப் பெட்டி முடிந்தது. அம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக் குனிந்தபடி இருந்தாள். நான் வேலிக்கு ஓடி, கிடுகுக்கு மேலால் தெருவோரத்தில் இருந்த சலவைக்காரியைக் கத்திக் கூப்பிட்டேன். அவளுடைய புருஷனும் தம்பியும் வந்தார்கள். அந்த நேரத்துக்கு அப்பாவும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். மழையைப் பார்த்துக் கந்தோரில் இருப்புக்கொள்ளாமல் வந்தாராம்.

அம்மாவைக் கதிரையில் இருத்தித் தூக்கினார்கள். படலைக்கு வெளியே பள்ளத்தில் நெஞ்சளவு தண்ணீர். தெருவுக்குப் போகக் கால் வைக்கக்கூடிய ஒரே இடம் சலவைக்காரர் மூட்டையோடு ஏறிப்போகிற வயல் வரப்பு. அது எங்கள் தெற்கு வேலிக்கு வெளியே இருந்தது. அப்பா முன்னால் ஓடினார். கோழிக்குஞ்சு நுழையாமல் தானே வரிந்து கட்டிய கிடுகைக் கையால் பிய்த்தார். கட்டு இறுக்கம். அவருக்கு நேரம் எடுத்தது. பல்லால் கடித்து அறுத்தார். கதிரையைப் பிடித்துக்கொண்டு அந்த இருவரும் மழைக்குள் நின்றார்கள்.

அப்போதிக்கரியின் வாங்குப் பலகையில் கிடத்தியபோது அம்மாவுக்கு மூச்சு இல்லை. அவர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் கையைக் கழுவப் போனார்.

செத்த வீட்டுக்குச் சலவைக்காரி வெள்ளைத் துணி கொண்டுவந்து கட்டினாள். அது அவர்களுடைய முறை. என் பக்கத்தில் வந்தபோது ஒரு தரம் என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்த அடுத்த காலை அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். உத்தியோகத்துக்கு வந்த நாளிலிருந்து மண்வெட்டி பிடித்துப் பழக்கம் விட்டுப்போன கை. வெட்டி வெட்டி இரண்டு முழம் அல்ல, ஆறு முழம் திறந்தார். கல்லையெல்லாம் பிடுங்கி எறிந்தார். ஊர்க் கதியால்கள் அடியில் அழுகிப்போயிருந்தன, இழுத்ததும் வந்தன. வரப்பில் துணி மூட்டையோடு போன சலவைக்காரி நின்றாள். அப்பா அவளைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தண்ணி முதல்தரமே தானே உடைச்சுக் காட்டிச்சுது. எனக்குத்தான் விளங்கேல்லை."

சலவைக்காரி வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு மூட்டையைத் தலையில் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

அதற்குப்பிறகு அந்த மூலையை அவர் மூடவில்லை. மழை மாதம் வருமுன் தானே போய்ப் புல்லைச் செதுக்கி வைப்பார். காய்ந்த மாதங்களில் முற்றத்தில் வெள்ளவத்தைச் சேர்ட்டுகள் எல்லாம் திரும்பக் காய்ந்தன. மாடு போனது, கீரைக்காரிகள் போனார்கள், ஒருவரும் கோட்டுக்குப் போகவில்லை. வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் அப்பா அந்த மூலையைக் காட்டுவார். தண்ணிக்கு இருந்த புத்தி தனக்கு இல்லாமல் போனதைச் சொல்லுவார். எத்தனை தரம் கேட்டிருப்பேன். சின்னதில் சத்தியத்துக்குப் பயந்து சொல்லவில்லை. குமரானபோது கோபத்தில் சொல்லவில்லை, தெரியாமலே கிடக்கட்டும் என்று. பிறகு அவர் கிழண்டுபோனார், இரக்கத்தில் சொல்லவில்லை. சொன்னால் அவர் அன்று விடிய அடைத்தது வெறும் ஓட்டையாக இருக்காது, அம்மாவின் கையாக இருக்கும்.

கடைசி வருடம் அப்பாவுக்குக் கண்ணும் தெரியாது. ஒரு மழைநாள் நான் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது கையைத் தடவிப் பிடித்தார்.

"நீதானே பிள்ளை முதல் கண்டனி. தண்ணி தானே உடைச்சது, என்ன?"

"ஓமப்பா, தண்ணிதான்," என்றேன்.

கோப்பையை என்னிடமிருந்து வாங்கி, ஆறவிட்டு, மெல்ல மெல்லக் குடித்தார்.